வெனிஸில் தங்கப் போகிறவர்களுக்கு

அவையோருக்கு வணக்கம்.

வெனிஸுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து இறங்கி மாலையில் ரயிலேறிவிடுகிறார்கள். இன்று நான் பேசப்போவது ஒரு வாரம், பத்து நாள் என்று வீடு எடுத்துத் தங்க நினைப்பவர்களுக்காக. 118 சிறு தீவுகள், 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் சேர்ந்த ஊர் அது. அங்கே முகவரி, பெட்டி, குப்பை, ஆம்புலன்ஸ் எல்லாமே தண்ணீர் விட்ட வழியில்தான் போகும். இதை முதல் நாளே பிடித்துக்கொண்டவர் இரண்டாம் நாளே இயல்பாக நடமாடுவார். பிடிபடாதவர் கடைசி நாள் வரை பெட்டியும் கையுமாகப் படிக்கட்டுகளில் அல்லாடுவார்.

முதலில் வீடு. படங்களைப் பார்த்து மயங்கிவிடாமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து வாசல்வரை எத்தனை பாலம்? நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெனிஸில் பாலம் என்றால் ஏறவும் படி, இறங்கவும் படி. சாய்தளம் உள்ளவை மிகச் சில. வரைபடம் 300 மீட்டர் என்று காட்டும். நடுவில் மூன்று பாலம் இருந்தால் 20 கிலோ பெட்டியை மூன்று முறை தூக்கி ஏற்றி, மூன்று முறை இறக்க வேண்டும். அந்த ஊரில் சரக்கு கொண்டுபோகிறவர்களின் கைவண்டியைப் பாருங்கள். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னச் சக்கரம். சின்னச் சக்கரத்தை மேல்படியில் ஊன்றி, பெரிய சக்கரத்தை உந்தி, படிப்படியாக ஏற்றுகிறார்கள். நம் டிராலிப் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பைகளாகப் பிரித்துக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

தரைத்தள வீடு சில சமயம் மலிவாகக் கிடைக்கும். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் உலோகப் பள்ளம் பதித்திருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். கடல் ஏற்றத்தில் நீர் உயரும்போது ரப்பர் விளிம்புள்ள தகட்டை அந்தப் பள்ளத்தில் இறக்கி வாசலை அடைப்பார்கள். பள்ளம் இருந்தால், அந்த வீடு தண்ணீரைப் பார்த்த வீடு. குளிர்காலத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஈரமும் சுவரின் உப்புப் பொரிவும் மூச்சுத்தொல்லை உள்ளவர்களைப் படுத்திவிடும். இத்தாலியில் முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேல் உள்ளது. பழைய வீடுகளில் ஒவ்வொரு மாடிக்கும் உயரம் அதிகம். ஆகவே மூன்றாம் மாடி என்று சொன்னால் முழங்காலைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகள் எல்லாவற்றுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார். தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புவது அவருடைய சட்டக் கடமை; தயங்காமல் கொடுக்கலாம். தங்கும் வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும். தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்தான் அதை வாங்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கிடையாது.

பகலில் வந்துபோகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கியது. 2025-இல் அது 54 நாட்களுக்கு இருந்தது. முன்கூட்டியே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இரவு தங்குகிறவர்கள் இதைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கட்டண நாளில் விலக்குக்கான கியூ.ஆர். குறியீட்டை நகராட்சித் தளத்தில் பதிந்து எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். "நான்தான் இங்கேயே தங்கியிருக்கிறேனே" என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் தேதிகள் கட்டண நாட்களில் விழுகின்றனவா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முகவரி. ஊர் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, சான் போலோ, சாந்தா குரோசே, தோர்சொதூரோ. கதவு எண்கள் தெருவாரியாக ஓடுவதில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோவில் அந்த எண் ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். வட்டாரமும் எண்ணும் மட்டும் கையில் இருந்தால் தபால்காரர் கண்டுபிடிப்பார், நம்மால் முடியாது. சந்தின் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: காலே தெல் ஃபோர்னோ போன்ற பெயர்கள் ஊரில் பல இடங்களில் உண்டு. வரைபடத்தில் சந்தின் பெயரை மட்டும் தட்டினால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள வேறொரு சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வட்டாரம், எண், சந்து, படகுத்துறை நான்கையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலச் சந்தில் ஃபோனில் உள்ள நீலப் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். அப்போது சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் சந்தின் பெயர் இருக்கும். மஞ்சள் பலகைகள் ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம், ரயில் நிலையம், பேருந்துகள் வந்து நிற்கும் பியாட்சாலே ரோமா பக்கம் வழிகாட்டும். அந்த நான்கு திசையும் பிடிபட்டால் தொலைந்துபோவது கஷ்டம்.

வந்து இறங்கும் நாளில் நடக்கும் பெரிய குழப்பம் ரயிலில்தான். வெனிசியா மெஸ்த்ரே என்ற நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. தீவு ஊருக்குள் இருப்பது வெனிசியா சாந்தா லூச்சியா. பெயரைப் பாதியில் கேட்டுவிட்டு அடித்துப் பிடித்து மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள். சாந்தா லூச்சியாவில் வெளியே வந்தால் நேர் எதிரே பெருங்கால்வாய். மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து பியாட்சாலே ரோமா வரை பேருந்து வரும். சக்கர வாகனம் அதோடு நின்றுவிடும். அலிலகூனா படகு விமான நிலையத்திலிருந்து நேராக ஊருக்குள் வரும். மெதுவானது, ஆனால் வீடு அதன் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் பாலங்கள் மிச்சம். நகரப் படகு பாஸ் அதில் செல்லாது. விமான நிலையப் பேருந்தும் சாதாரண பாஸில் சேராது.

நகரப் படகுக்கு வாப்பரெட்டோ என்று பெயர். 2025 கட்டணப்படி 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. 24 மணி நேர பாஸ் 25, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45, ஏழு நாளுக்கு 65. ஒரே நாளில் மூன்று முறை ஏறினால் 24 மணி பாஸ் லாபம். ஒரு வாரத்தில் ஏழு முறை ஏறினாலே ஏழு நாள் பாஸ் கட்டுப்படியாகும். நேரம் வாங்கியதிலிருந்து ஓடாது, முதல் முறை கருவியில் காட்டியதிலிருந்துதான் ஓடும். ஆனால் பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் துறையில் உள்ள கருவியில் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பெட்டி ஒன்று இலவசம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 150 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 75, 50, 30 அளவுள்ள பெரிய பெட்டி கூட்டினால் 155 வரும். அதற்குத் தனிக் கட்டணம்.

1-ஆம் எண் படகு பெருங்கால்வாயில் கிட்டத்தட்ட எல்லாத் துறையிலும் நிற்கும். 2-ஆம் எண் சிலவற்றில் மட்டும். 4.1, 4.2, 5.1, 5.2 ஊரைச் சுற்றி வருபவை. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் சுற்றும் திசையைக் காட்டுகிறது. பெரிய துறைகளில் மிதவை மேடைகள் பல இருக்கும். மேடைப் பலகையில் எண்ணையும் போகும் திசையையும் இரண்டையும் படித்துவிட்டு நில்லுங்கள். எண் சரியாக இருந்து திசை தவறினால், பத்து நிமிடத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் கடலைச் சுற்றிக்கொண்டு போவீர்கள். ஏறியதும் முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். கூட்டத்தில் நீங்கள் திரும்பும்போது அடிபடுவது உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் முகம்.

பெருங்கால்வாய்க்கு மேல் நான்கு பாலங்கள்தான்: ரயில் நிலையத்தருகே ஸ்கால்சி, 2008-இல் திறந்த கோஸ்தித்துசியோனே, 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ, அக்காதெமியா. நடுவில் எங்காவது கடக்க வேண்டுமானால் திராகெத்தோ என்ற கொண்டோலாப் படகு உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்: கடல் ஏற்றத்தால் ஊருக்குள் தண்ணீர் புகுவது. வெனிஸின் நீர்மட்டத்தை அறிவிக்கும்போது சொல்லும் சென்டிமீட்டரைப் பலர் தப்பாகப் படித்துப் பயந்துபோகிறார்கள். "இன்றிரவு 110" என்றால் தெருவில் 110 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று பொருள் இல்லை. 1897-இல் நிர்ணயித்த ஒரு பூஜ்யத்திலிருந்து, புந்தா தெல்லா சலூத்தே முனையில் உள்ள அளவுகோலில் எடுக்கும் அளவு அது. இன்றைய சராசரிக் கடல்மட்டமே அந்தப் பூஜ்யத்துக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. 80-ஐத் தாண்டும்போது சான் மார்கோ சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகள் நனையத் தொடங்கும். 110-இல் ஊரின் நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதம் நனையும். 140-இல் பாதிக்கு மேல். 1966 நவம்பர் 4-இல் 194 வந்தது, 2019 நவம்பர் 12-இல் 187.

2020 அக்டோபர் 3 முதல் மோசே தடுப்பணை வேலை செய்கிறது. ஊரைச் சூழ்ந்த காயலுக்குள் கடல்நீர் நுழையும் லீதோ, மலமோக்கோ, கியோஜா ஆகிய மூன்று கடல்வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் அடியில் படுத்திருக்கின்றன. அழுத்தக் காற்றைச் செலுத்தி அவற்றுக்குள் இருக்கும் நீரை வெளியேற்றினால் கதவு மிதந்து எழுந்து கடலை மறிக்கும். எல்லா ஏற்றத்துக்கும் அதை உயர்த்துவதில்லை. வழக்கமாக முன்னறிவிப்பு 110-ஐத் தொடும்போதுதான். ஆகவே 85, 95, 105 என்று வரும் நாட்களில் கதவு எழாது, சான் மார்கோ நனையும். "அணைதான் வந்துவிட்டதே" என்று துணிக் காலணியோடு போகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சான் மார்கோ பேராலயத்தைச் சுற்றி மட்டும் இப்போது கண்ணாடித் தடுப்பு இருக்கிறது.

ஏற்றம் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம் முடியும்வரை. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில், தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று அத்ரியாத்திக் கடலின் நீரை வடக்கே தள்ளும்போது, காற்றழுத்தமும் குறைந்திருந்தால் நீர் உயரும். மூன்றும் சேரும் நாள்தான் ஆபத்து. நகராட்சியின் நீர்மட்ட மையம் ஹாய் டைட் வெனிஸ் என்ற செயலி நடத்துகிறது. புறப்படும் முன்பே ஃபோனில் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையில் வானிலை பார்ப்பது போல அன்றைய உச்சம் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள். உச்சம் நாள் முழுக்க நிற்காது. சில மணி நேரத்தில் வடிந்துவிடும். சதுக்கத்தைக் காலையில் பார்க்க நினைத்திருந்தால் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. நீர் உயரும்போது சில படகுகள் தாழ்ந்த பாலங்களின் கீழ் நுழைய முடியாமல் வழி மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் தெருவில் நிற்கும்போது மரப்பலகை நடைமேடை போடுவார்கள். அதில் நின்று படம் எடுக்காதீர்கள். பின்னால் வேலைக்குப் போகிறவர் நிற்பார். நடைமேடை இல்லாத கால்வாயோரத்தில் கால் வைக்கவே வேண்டாம். பல கரைகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கலங்கிய நீரில் கல்தரை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்கிய நேரத்திலும் கால்வாய்க்கு இறங்கும் படிகளில் கவனம் தேவை. அடிப்படிகளில் கரும்பச்சையாகப் பாசி படிந்திருக்கும். அந்தப் பச்சைக்கோடுதான் அன்றாட ஏற்றம் எட்டும் எல்லை. கோட்டுக்கு மேலுள்ள வெளுத்த கல்லில் நிற்கலாம். பச்சையில் வைத்த கால் நிற்காது.

வீட்டுக்குள் வருவோம். இத்தாலிய வீடுகளில் பரவலான மின் ஒப்பந்தம் 3 கிலோவாட். 2 கிலோவாட் மின்கெட்டில் கொதிக்கும்போது துணி இயந்திரம் நீரைச் சூடாக்கிக்கொண்டு, குளிர்சாதனமும் ஓடினால் மின்சாரம் போய்விடும். வீட்டுக்குள் உள்ள விசையைத் தூக்கியும் வரவில்லையானால், கீழே நுழைவாயிலில் உள்ள மீட்டரில் போய் ஏற்ற வேண்டும். அந்த மீட்டர் எங்கே, எது உங்களுடையது என்று சாவி வாங்கும்போதே காட்டச் சொல்லுங்கள். இரவு பதினோரு மணிக்கு இருட்டில் தேடுவது கொடுமை. பொது வெப்பமூட்டும் வசதி அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான், அதுவும் நாளுக்கு 14 மணி நேரத்துக்குள். ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கொசு உண்டு, ஜன்னல் வலை பல வீடுகளில் இல்லை.

குப்பையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தீவு ஊரில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 1951-இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். மிஞ்சியிருப்பவர்கள் நம்மைப் போன்ற விருந்தாளிகளை எடைபோடுவது குப்பைப் பையை வைத்துத்தான். அங்கே தெருக்கோடியில் பெரிய தொட்டி கிடையாது. திங்கள் முதல் சனி வரை காலையில் பணியாளர்கள் வீடு வீடாக மணியடித்து வாங்குவார்கள், அல்லது நாமே அதிகாலையில் குப்பைப் படகுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கலப்புக் குப்பை தினமும். காகிதம் திங்கள், புதன், வெள்ளி. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தகர டப்பாவும் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு எதுவும் இல்லை. முந்தின இரவே பையை வாசலில் வைத்தால் கடற்காகங்கள் கிழித்துச் சந்து முழுக்க இறைத்துவிடும், அபராதமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையைக் கொடுத்துவிட வேண்டும்.

குடிநீர் பாட்டில் வாங்காமல் இருந்தால் குப்பை பாதியாகும். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. சதுக்கங்களில் சிறு இரும்புக் குழாய்களில் எப்போதும் நீர் வரும். அதே சதுக்கங்களின் நடுவே மூடி போட்ட கல்கிணறு இருக்கும், ஒருமுறை நின்று பாருங்கள். அது ஊற்றுக் கிணறு அல்ல. சதுக்கத்தின் அடியைப் பல மீட்டர் தோண்டி, உப்புநீர் புகாதபடி களிமண் பூசி, மணலை நிரப்பி, நடுவில் செங்கல் குழல் எழுப்பியிருக்கிறார்கள். கிணற்றைச் சுற்றித் தரையில் துளையிட்ட கற்கள் தெரியும். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி மணலில் வடிந்து குழலுக்குள் சேரும். சதுக்கத்தின் தரையே அந்தத் துளைகளை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வரும்வரை ஊர் குடித்தது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான். மழைத்துளியை இவ்வளவு மதித்த மக்களின் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்க மனம் வராது.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரியால்டோ மீன்சந்தை செவ்வாய் முதல் சனி வரை, காலையில். அங்கே ஒரு கல்வெட்டில் விற்கத்தக்க குறைந்தபட்ச நீளம் செதுக்கியிருக்கும்: விலாங்கு 25 சென்டிமீட்டர், மத்தி 7, சிப்பி 5. குஞ்சுமீனைக் கடலுக்கு விட்டுவைக்கும் அந்தப் பழைய ஒழுங்கு போற்றத்தக்கது. பக்கத்துக் காய்க்கடைகளில் வசந்தகாலத்தில் சாந்தெராஸ்மோ தீவின் இளம் ஆர்ட்டிசோக் வரும், சைவக்காரர்கள் தவறவிடக்கூடாது. உணவகத்தில் கோபெர்த்தோ என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் சேரும். ஏமாற்று அல்ல, விலைப்பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை.

சந்துகளில் வலப்பக்கமாக நடங்கள், வரிசையாக. சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுகூடத் தடை. கால்வாயில் குளிப்பதும் புறாவுக்குத் தீனி போடுவதும் அபராதத்தில் முடியும்.

கடைசியாக உடம்பு. நகர மருத்துவமனை காஸ்தெல்லோ வட்டாரத்தில், சாந்தி ஜோவன்னி எ பாவோலோ தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. ஓஸ்பெதாலே என்றே படகுத்துறை உண்டு. சுற்றுப் படகுகள் நான்கும் அங்கே நிற்கும். அவசரத்துக்கு 118. வருவது படகு ஆம்புலன்ஸ். அது பக்கத்துக் கால்வாய்வரை வரும், அங்கிருந்து ஆட்கள் நாற்காலியோடு நடந்து வருவார்கள். ஃபோனில் அவர்கள் கேட்பது வட்டாரம், எண், சந்து, மாடி. பதற்றத்தில் நாக்கு குழறும். ஆகவே வீட்டுக்குள் நுழைந்த முதல் மணி நேரத்திலேயே இந்த நான்கையும், அருகிலுள்ள கால்வாயின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். குழந்தைகள், வயதானவர்கள் கூட வந்தால் அவர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.